தகவலாளி பேசுகிறேன்

1996-ல் எங்கள் சேரிக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். தோளில் ஜோல்னாப் பை, கையில் டேப் ரிக்கார்டர். மூன்று நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்க ஆயாவைப் பேச வைத்தார். ஆயாவும் வெத்தலையை இடிச்சிக்கினே பேசிச்சி. “ஏரி மதகுக்கு மேற்க, ஒத்தப் பனையிலேர்ந்து ஓடை வரைக்கும் நம்ம ஜனத்து நெலம்பா. தொர எழுதிக் குடுத்தது. கேவுருக்கும் கல்யாணக் கடனுக்கும் கைநாட்டு வாங்கிக்கினு ஊர்க்காரங்க புடுங்கிக்கினாங்க.” எந்த வருஷம் எந்தத் துண்டு போனது, யார் வீட்டு மாட்டுக் கொட்டாயில் வைத்துக் கைநாட்டு வாங்கினார்கள் என்பது வரைக்கும் சொல்லிச்சி. ஆய்வாளர் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார். எங்க வீட்டுக் கூழையும் குடித்துவிட்டுப் போனார்.

நாலு வருஷம் கழித்து அவருடைய ஆய்வேடு என் கைக்கு வந்தது. ஆயா ஓர் அடிக்குறிப்பில் கிடந்தது. தகவலாளி, பெண், வயது சுமார் எழுபது, தாழ்த்தப்பட்ட சாதி. பேர் இல்லை. நிலம் பற்றி ஆயா சொன்னதை ‘வாய்மொழி நம்பிக்கை’ என்று எழுதியிருந்தார். அதே பக்கத்தில் வெள்ளைக்காரன் எழுதிய மாவட்ட மேனுவலில் இருந்து ஒரு வரி. அது ‘முதன்மைச் சான்று’. மேனுவல் எழுதிய துரை எங்கள் சேரிக்குள் வந்தவனா? கர்ணம் சொன்னதைக் கேட்டுத் தாசில்தார் எழுதி, தாசில்தார் எழுதியதைப் பார்த்துக் கலெக்டர் எழுதியது. மூன்று வாய் தாண்டி வந்தால் சான்று. ஏர் பிடித்தவன் வீட்டுப் பொம்பளை நேராகச் சொன்னால் நம்பிக்கை.

நான் அந்தத் தகவலாளியின் பேரன். இப்போது தகவலாளி பேசுகிறேன், கேளுங்கள்.

*

ஆராய்ச்சி முறையியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தருகிறார்கள். நடந்த காலத்திலேயே, அதில் பங்குகொண்டவரோ பார்த்தவரோ விட்டுச் சென்றது முதன்மைச் சான்று. கடிதம், கல்வெட்டு, பத்திரம், அரசாணை, வழக்குக் கட்டு, நிலப் பதிவேடு, பத்திரிகை, புகைப்படம், நேரில் எடுத்த வாக்குமூலம் எல்லாம் இதில் சேரும். இவற்றை வைத்துக்கொண்டு பின்னால் ஒருவர் எழுதும் நூல், கட்டுரை, ஆய்வேடு துணைமைச் சான்று. இந்தப் பிரிவினை தேவையானதுதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடைமுறையில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பாருங்கள். முதன்மை, துணைமை என்பதை ஒரு காகிதத்துக்குப் பிறப்பிலேயே வரும் தரம்போல ஆக்கிவிட்டார்கள். முத்திரை குத்திய காகிதம் மேலே, அச்சடித்த புத்தகம் நடுவே, சேரியின் வாய் கீழே. பிறப்பால் வரும் தரத்தைப் பற்றி நமக்கா பாடம் எடுக்க வேண்டும்?

ஒரு சான்று முதன்மையா துணைமையா என்பதை அதனிடம் நீங்கள் கேட்கும் கேள்விதான் தீர்மானிக்கிறது. 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தவர் அவர். இன்றைக்கும் நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் எழுதியதை ஏதோ சேரியிலிருந்தே கேட்டு எழுதியதுபோல எடுத்துப் போடுகிறார்கள். அந்தத் தொகுதிகளில் எத்தனையோ பக்கங்கள் பழைய மேனுவல்கள், குடிமதிப்பு அறிக்கைகள், அதிகாரிகள் எழுதி அனுப்பிய குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து எடுத்து ஒட்டியவை. நம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் தர்ஸ்டன் துணைமைச் சான்று, அதிலும் மூன்றாங்கை. காலனிய அதிகாரி நம்மை எந்தக் கண்ணால் பார்த்தான் என்று கேட்டால் அதே தர்ஸ்டன் முதல்தரமான முதன்மைச் சான்று. கேள்வி மாறினால் புத்தகத்தின் இடமும் மாறும்.

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் வைத்து நம் சனத்தைக் கொளுத்தினார்கள். நினைவுச் சின்னம் 44 பேர் என்கிறது. சில எழுத்துகளில் 42 என்று இருக்கிறது. செத்தவர்களின் எண்ணிக்கையிலேயே காகிதத்துக்குக் காகிதம் வேறுபாடு. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற அளவுக்கு வசதியான பண்ணையார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அந்தத் தீர்ப்பு அரசு முத்திரை உள்ள காகிதம். அந்த இரவில் என்ன நடந்தது என்பதற்கு அதை முதன்மைச் சான்றாக எவனாவது காட்டினால் அவனை நம்பாதீர்கள். நீதிபதியின் மனசுக்குள் யார் கௌரவமானவன், யார் பொய் சொல்லக்கூடியவன் என்பதற்குத்தான் அது முதன்மைச் சான்று. அந்த இரவைத் தெரிந்துகொள்ள, தப்பித்தவர்கள் சொன்னதும் கீழ்க்கோர்ட்டுச் சாட்சியங்களும் இருக்கின்றன. அவற்றையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

சில நேரம் மேல்சாதிச் சரித்திரத்தை அதனுடைய சொந்த முதன்மைச் சான்றே காட்டிக் கொடுத்துவிடும். ராஜராஜன் காலத்தைப் பொற்காலம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். பெரிய கோயில் சுவரில் அந்த ராஜராஜனே வெட்டி வைத்த கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய இடங்களின் பட்டியலைப் படியுங்கள். ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. தீண்டாச்சேரி என்ற சொல்லே இருக்கிறது. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியதைப் பாடப்புத்தகம் எழுதியவர் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார். பட்டியலில் எந்த வரியை எடுப்பது, எந்த வரியை விடுவது என்பதில்தான் துணைமை நூலின் அதிகாரம் இருக்கிறது. அதனால்தான் மூலத்துக்குப் போ என்கிறேன்.

*

இதுவரை அவர்களைத் திட்டினேன். இனி நம்மை.

1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் பஞ்சமி நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அதற்குப் பிறகு பஞ்சமி நிலம் பற்றி நாம் போடாத கூட்டம் இல்லை, அடிக்காத துண்டறிக்கை இல்லை. எல்லாவற்றிலும் ஒரே இரண்டு வரி. 1891-ல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பர் 30-ந் தேதி அரசாணை 1010 வந்து 12 லட்சம் ஏக்கர் நமக்குக் கொடுக்கப்பட்டது. நானும் மேடையில் தொண்டை கிழிய இதைச் சொன்னவன்தான். ஒரு நாள் ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, அந்த ஜி.ஓ.-வை நீங்க படிச்சிருக்கீங்களா?” நான் படித்ததில்லை. எனக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்த தோழரும் படித்ததில்லை. அவர் இன்னொரு துண்டறிக்கையைப் பார்த்து எழுதியிருந்தார்.

அந்த அவமானத்தில்தான் தேடிப் படித்தேன். படித்தபோது தெரிந்தது. ட்ரெமென்ஹீரின் குறிப்பு நமக்குச் சாதகமான கூர்மையான ஆவணம்தான். ஆனால் ரெவின்யூ போர்டு அதை எதிர்த்து எழுதியது. அவர் கேட்டதில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கவில்லை. அந்த ஒரே உத்தரவில் ஒரே நாளில் நிலம் முழுக்க வந்து விழவில்லை. அதற்குப் பின் வந்த பல உத்தரவுகள் மூலமாகவும், 1920 வாக்கில் ஏற்பட்ட லேபர் கமிஷனர் அலுவலகத்தின் மூலமாகவும், ஊர் ஊராக, துண்டு துண்டாக வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நம் சாதிகளுக்குள்தான் கைமாறலாம் என்ற நிபந்தனையோடு வந்தது. ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட ‘தி பறையா பிராப்ளம்’ என்ற ஆங்கில நூல் இந்தக் கோப்புகளையெல்லாம் கோப்பு எண்ணோடு காட்டுகிறது. நல்ல துணைமை நூலுக்கு இதுதான் அடையாளம். அது உங்களை மூலத்துக்குத் திருப்பி அனுப்பும். மோசமான துணைமை நூல் ‘நான் சொல்கிறேன், நம்பு’ என்று உட்கார வைத்துவிடும்.

இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே கோபம் வருகிறது. எதிரி கையில் ஆயுதம் கொடுக்கிறாயா என்கிறார்கள். தோழர்களே, 12 லட்சம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தாசில்தாரிடமும் ஒரு சென்ட் நிலத்தை மீட்க முடியாது. அவன் கேட்பது உங்கள் ஊர், உங்கள் சர்வே நம்பர், உங்கள் பதிவேட்டின் பக்கம்.

பத்திரிகைச் சரித்திரத்திலும் இதே வியாதி. சூரியோதயம், பஞ்சமன், திராவிடப் பாண்டியன், ஆன்றோர் மித்திரன், மகாவிகடதூதன் என்று 19-ம் நூற்றாண்டு தலித் இதழ்களின் பட்டியலை எல்லோரும் ஒப்பிக்கிறோம். இதழைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? ஜெ. பாலசுப்பிரமணியம்போல அந்த இதழ்களைத் தேடி அலைந்து எழுதியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் எல்லாம் பட்டியலைப் பார்த்துப் பட்டியல் போட்டவர்கள். இதழ் கிடைக்காத இடத்தில் வேறு வழி இருக்கிறது. அந்தக் காலத்து அரசாங்கம் சுதேசிப் பத்திரிகைகளைப் படித்து, சுருக்கி, ஆங்கிலத்தில் ரகசிய அறிக்கை போட்டது. அந்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. அதில் தேடலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே நீங்கள் படிப்பது, அரசாங்க மொழிபெயர்ப்பாளன் எதை முக்கியம் என்று நினைத்தானோ அதை மட்டும். ஆசிரியரின் குரல் அவன் தொண்டை வழியாக வருகிறது.

*

எங்க ஊர் நிலத்துக்கு வருகிறேன். ஒரு பதிவறையில் போய் நின்றேன். “எந்த யுனிவர்சிட்டி? கைடு லெட்டர் எங்க?” என்றார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு அனுமதி இல்லை. நிலத்தைப் பறிகொடுத்தவனைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அனுமதி உண்டு. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு மனுப் போட்டு, மேல்முறையீடு போட்டு, நகல் நகலாக வாங்கினேன்.

வழி காட்டியது யார் தெரியுமா? ஆயா. ஏரி மதகு, ஒத்தப் பனை, ஓடை. கிராம வரைபடத்தில் அந்த மூன்றையும் வைத்துத்தான் சர்வே நம்பரைப் பிடித்தேன். புது நம்பரிலிருந்து பழைய நம்பருக்குப் போனேன். பழைய நம்பரை வைத்து அ-பதிவேட்டையும், அதற்கும் முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் வாங்கினேன். கடைசிக் கட்டத்தில், குறிப்புக் காலத்தில், மங்கின மையில் இருந்தது: டி.சி. நிபந்தனை நிலம். 1980-களில் நடந்த யு.டி.ஆர். கணக்கில் அதே நிலத்துக்கு ஊர்க்காரர் பேரில் பட்டா. குறிப்புக் காலம் வெறுமை. ஒரு எழுத்துக்கூட அழிக்கவில்லை, திருத்தவில்லை. அடுத்த பதிவேட்டுக்கு எடுத்து எழுதும்போது விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். 1980-ல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தது. கர்ணம் போனான், அவன் போட்ட கணக்கு நின்றது.

ஆய்வேடு ‘நம்பிக்கை’ என்று எழுதியதற்குப் பதிவேடு ‘ஆம்’ என்றது. ஆனால் அந்தப் பதிவேடு இன்னொன்றும் சொன்னது. அதை மறைத்தால் நானும் அந்தக் கர்ணமும் ஒன்றுதான். ஆயா நம்ம ஜனத்துக்கே குடுத்தது என்று சொல்லிச்சி. பதிவேட்டில் ஏழு பேர்தான். அந்த ஏழில் எங்க கொள்ளுத் தாத்தன் பேர் இல்லை. பிறந்ததிலிருந்து எங்க நிலம், எங்க நிலம் என்று கேட்டு வளர்ந்தவன், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சேரிக் கூட்டத்தில் சில பேர், “அந்தப் பக்கத்தை விட்ருப்பா, எல்லார் பேர்லயும் மனு எழுது” என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஏழு பேருடைய வாரிசுகளை மனுதாரராகப் போட்டோம். நான் சாட்சி. இல்லாததைச் சேர்த்து எழுதியிருந்தால் முதல் விசாரணையிலேயே இருப்பதும் போயிருக்கும். நம் வாய்ச்சொல்லையும் சோதிக்கத்தான் வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது, தானே கண்டதா கேட்டதா, சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று கர்ணத்தின் கணக்கிடம் கேட்கும் அதே கேள்விகளை ஆயாவிடமும் கேட்க வேண்டும். நான் கேட்பதெல்லாம் சம மரியாதை, சம சந்தேகம்.

*

நம்மிடம் ஆவணமே இல்லை என்பது பொய். அயோத்திதாசர் 1907 ஜூன் 19-ந் தேதி ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அடுத்த வருஷம் அது ‘தமிழன்’ ஆனது. 1914-ல் அவர் சாகும்வரை வாரா வாரம் எழுதினார். தமிழ்நாட்டு அரசியல் சரித்திரம் எழுதிய பெரும்பாலோர் அவர் பேரைக்கூடச் சொல்லவில்லை. அந்த இதழ்களைக் காப்பாற்றியது பல்கலைக்கழகம் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாகக் கொண்டுவர முடிந்தது. ஒரு வீட்டுப் பெட்டி திறந்ததும் ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தைத் திருப்பி எழுத வேண்டி வந்தது. அந்தத் தொகுதிகளும் அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பிரித்து அடுக்கப்பட்டவை. ஒரே வாரத்து இதழில் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரிய வேண்டுமானால் மறுபடியும் இதழுக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது? தாத்தாவின் சங்க ரசீது, கோலார் தங்கவயலிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்த கடிதம், அம்பேத்கர் மன்றத்துத் தீர்மான நோட்டு, பழைய மனு நகல், கூலி உயர்வுக்கு அடித்த நோட்டீஸ், கிழிந்த பட்டா. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது போகியில் போட்டுக் கொளுத்துகிறோமே, அது நம் ஆவணக் காப்பகம். படம் எடுங்கள். பின்னால் யாருடையது, எந்த ஊர், எப்போது கிடைத்தது என்று எழுதுங்கள். அசலை உடையவர் வீட்டிலேயே வையுங்கள். நகலை இரண்டு இடத்தில் வையுங்கள்.

இன்றைக்கு நடப்பதுதான் நாளைய முதன்மைச் சான்று. அடிபட்டவன் ஸ்டேஷனுக்குப் போகிறான். சாதிப் பேரைச் சொல்லித் திட்டினான் என்று இவன் சொன்னதை, ‘அசிங்கமாகத் திட்டி’ என்று ரைட்டர் எழுதிக்கொள்கிறார். அந்த ஒரு சொல் போனால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போனது. நூறு வருஷம் கழித்து எவனாவது அந்த எஃப்.ஐ.ஆரைப் படித்தால் சாதியே இல்லாத சண்டை என்றுதான் எழுதுவான். அதனால் புகாரை நம் கையால், நம் வார்த்தையில் எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு ஒன்று. வாருங்கள், பேசுகிறோம். பேர் போடட்டுமா வேண்டாமா என்று பேசுகிறவரிடமே கேளுங்கள். ஆபத்து இருந்தால் அவரே வேண்டாம் என்பார். எடுத்த பதிவில் ஒரு நகல் அந்த ஊரில் இருக்கட்டும். எழுதியதைக் கொண்டுவந்து படித்துக் காட்டுங்கள், தமிழில். 1996-ல் பதிவான எங்க ஆயாவின் குரல் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மூன்று நாள் பேச்சு. அதில் கைநாட்டு வைத்தவர்களின் பேரும் வருஷமும் இருக்கின்றன. எங்கள் வழக்குக்கு இப்போது அது வேண்டும்.

ஆயா 2003-ல் செத்துப் போச்சி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அது சொன்னதில் நினைவிருந்தவரைக்கும் மறுபடி சொல்ல வைத்து, அது சொன்ன பேச்சிலேயே எழுதி, தேதி போட்டு, படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் “அப்படி இல்லடா, மாத்தி எழுது” என்றது. மாற்றி எழுதினேன். பிறகு கைநாட்டு வாங்கினேன். “கைநாட்டு வச்சித்தான நெலம் போச்சி, மறுபடியும் வைக்கச் சொல்றியே” என்று சிரிச்சிச்சி. வழக்கு நடப்பதால் ஊர் பேரையும் அதன் பேரையும் இங்கே போடவில்லை. மனுவில் போட்டிருக்கிறோம், முழுப் பேரும், அப்பன் பேரோடு, முதல் இணைப்பாக. பதிவேட்டு நகல் இரண்டாவது இணைப்பு.